மூக்கறுப்பு: ஒரு சொல்லின் பழைய காயம்

போன மாசம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, வழக்கம்போல மூக்கறு சண்டைக் கதையை எடுத்தார். மைசூர்ப் படை வந்து நம்ம சனங்க மூக்கை அறுத்துச்சு, பதிலுக்கு மதுரைப் படை போய் மைசூர் ராசா மூக்கையே அறுத்துக்கிட்டு வந்துச்சு என்று முடியும் கதை. நான் சும்மா இருந்திருக்கலாம். "ராசா மூக்கு போனது நம்ம பக்கம் கட்டின கதை பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். சுத்தியிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டது ஒண்ணுதான்: "பெரிய மனுசனை இப்படியாடா மூக்கறுப்பே?"

அந்தச் சொல்லைத்தான் இந்த ஒரு மாசமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் மூக்குக்கு வேலை அதிகம். பிள்ளை மூக்கும் முழியுமாக இருக்கும். கோபக்காரனுக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும். விருந்தில் மூக்கு முட்டத் தின்போம். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்போம். ஆனால் அவமானம் என்று வந்தால் மட்டும் மூக்கு உடையும், அல்லது அறுபடும். சூர்ப்பனகை கதை எல்லாருக்கும் தெரியும். உயிரை விட்டுவிட்டு மானத்தை எடுக்கும் தண்டனை அது. கை போனாலும் துணியால் மறைக்கலாம், மூக்கை எங்கே மறைப்பது?

இது வெறும் புராணமில்லை. திருமலை நாயக்கரின் (1623–1659) கடைசிக் காலத்தில் மைசூரை ஆண்டவர் கண்டீரவ நரசராசர். சத்தியமங்கலம் வழியாக இறங்கிய அவருடைய படை, எதிர்ப்பட்ட ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் மூக்கை அறுத்தது. அறுத்த மூக்குகள் மூட்டை மூட்டையாக மைசூருக்குப் போயின. திருமலை நாயக்கர் அப்போது நோயில் கிடந்தார். ராமநாதபுரம் ரகுநாத சேதுபதியின் மறவர் படை வந்துதான் மதுரை தப்பியது. பிறகு நாயக்கரின் தம்பி குமாரமுத்து தலைமையில் மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து அதே வேலையைச் செய்தது. இரண்டு பக்கமும் மூக்கிழந்தவர்களில் பெரும்பாலோர் ஊர்ச் சனங்கள். அவர்கள் ஒருத்தர் பெயரும் நம்மிடம் இல்லை.

இதை அப்போதே எழுதிவைத்தவர் அந்தோம் தெ புரோயென்சா என்ற ஏசு சபைப் பாதிரியார். 1659இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து அவர் எழுதிய கடிதம்தான் இந்தப் போருக்கு முக்கியச் சான்று. இவரேதான் தமிழ்–போர்த்துகீசிய அகராதியைத் தொகுத்தவரும். அது 1679இல் அம்பலக்காட்டில் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. தமிழ்ச் சொற்களைச் சேர்த்த அதே கை, அறுபட்ட மூக்குகளைப் பற்றியும் எழுதியிருக்கிறது.

இந்தக் கதையின் மறுபாதி நூற்று முப்பது வருசம் கழித்து வருகிறது. இதுவும் மைசூர்ப் போர்தான். ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வருசத்துக்கு மேல் மூக்கில்லாமலே இருந்தார். பிறகு புனே பக்கம் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு அளவெடுத்து, அதை நெற்றியில் விரித்து வைத்து, சுற்றி வரைந்து, தோலை உரித்து, புருவ நடுவில் மட்டும் ஒட்டு விட்டுத் திருப்பிக் கீழே இறக்கியிருக்கிறார். அந்த ஒட்டு வழியாக ரத்தம் ஓடினால்தான் தோல் சாகாது. மேலே காசுக்கட்டி தடவிய துணிப் பட்டைகள். சுமார் இருபத்தஞ்சு நாள் கழித்துத்தான் அந்த ஒட்டை வெட்டினார்கள்.

சுஸ்ருத சம்ஹிதையில் இலையால் அளவெடுத்துக் கன்னத் தோலால் மூக்கு வைக்கும் முறை இருக்கிறது. புனேக்காரர் செய்தது நெற்றித் தோல். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு போட்டது. ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் இந்த முறையைப் பல வருசம் ஆராய்ந்து, 1814இல் லண்டனில் செய்து பார்த்தார். நெற்றித் தோலை எடுத்து மூக்கு வைப்பது இன்றைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரியில் நடக்கிறது.

பத்திரிகையில் கவாஸ்ஜி பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவர் பெயர் இல்லை. செங்கல் செய்யும் சாதிக்காரர் என்பதோடு சரி. செங்கல் செய்வதை நம்ம ஊரில் செங்கல் அறுக்கிறது என்றுதான் சொல்வோம். அறுக்கிற தொழில்காரர் ஒருத்தர், யாரோ அறுத்த மூக்கை ஒட்டவைத்திருக்கிறார்.

அறுத்ததற்கு நம்மிடம் 'மூக்கறுப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒட்டவைத்ததற்கு அப்படி ஒரு சொல் இல்லை. கோபக்காரன் செய்தது வழக்குச் சொல்லாக நிற்கிறது, கைப்பக்குவக்காரன் செய்தது நிற்கவில்லை.

நேற்று பெரியப்பாவுக்கு போன் போட்டேன். ராசா மூக்கைப் பற்றி நான் சொன்னது சரிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் நாலு பேர் முன்னாடி சொன்னது தப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த செங்கக்காரன் கதையை முழுசா சொல்லு" என்றார். சொன்னேன்.