வெளியூர்க்காரராக இருப்பதில் ஒரு வசதி

டேனியல் டாமெட் என்றாலே எல்லோரும் சாதனைக் கதையைத்தான் சொல்வாங்க. 2004இல் கணிதத்தின் பை எண்ணை 22,514 இலக்கங்கள் வரை மனப்பாடமாக ஒப்பித்தார். ஒரே வாரத்தில் ஐஸ்லாந்து மொழி கற்று, அந்நாட்டுத் தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்தார். அவருக்கு ஆஸ்பெர்கர், அதாவது ஆட்டிசத்தின் ஒரு வகை, என்று உறுதியானதும் அதே ஆண்டில்தான்.

எனக்கென்னவோ அதற்கு முந்தைய கதைதான் முக்கியமாகப் படுகிறது. 1998இல், 19 வயதில், லிதுவேனியாவின் கௌனாஸ் நகருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனார். புது ஊர், புது மொழி, புது முகங்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு இதைவிடக் கஷ்டம் உண்டா என்று தோணும். நடந்ததோ வேற. ஊரில் அவர் ‘ஒரு மாதிரி’யான பையன், இங்கே வெறும் பிரிட்டிஷ்காரர். தன் வித்தியாசத்துக்கு அங்கே ஒரு நியாயமான காரணம் கிடைத்ததாக 2006இல் வந்த தன்வரலாற்றில் சொல்கிறார்.

யோசிச்சுப் பாருங்க. மொழி கற்பவர் தயங்கித் தயங்கிப் பேசலாம், கிண்டல் புரியாமல் திரும்பக் கேட்கலாம், எங்கேயோ பார்த்தபடி வார்த்தை தேடலாம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தாய்மொழியில் பேசும்போது அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

டாமெட்டின் நினைவாற்றல் நமக்கு வராது. கௌனாஸ்காரர்களின் பொறுமை வரும்தானே?