புல்லுக்குள்ள பூட்டிக் கிடக்கிற சர்க்கரை

போன எபிசோடுல மக்காச்சோளத்துல இருந்து எத்தனால் எடுக்கிற கதையைப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல அதிகம் பேர் கேட்டது இதுதான்: சாப்பிடுற தானியத்தை ஏன் வண்டிக்கு ஊத்தணும், புல்லுல இருந்து எடுக்கக் கூடாதா? எடுக்கலாம். எடுத்தும் காட்டியிருக்காங்க. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கிறதுதான் இன்னைக்கு.

2006 ஜனவரி 31. அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் தன் வருடாந்திர உரையை நிகழ்த்துகிறார். டெக்சாஸ்ல எண்ணெய்த் தொழில் செஞ்ச மனுஷன், நாடே எண்ணெய்க்கு அடிமையாகிக் கிடக்குதுன்னு சொல்றார். மாற்று என்ன? மரச்சீவல், தட்டை, அப்புறம் ஸ்விட்ச்கிராஸ் என்ற ஒரு புல். இதிலிருந்து எடுக்கும் எத்தனாலை ஆறு வருஷத்துல கட்டுப்படியாகிற விலைக்குக் கொண்டு வருவதுதான் இலக்கு என்கிறார். அதாவது 2012. இந்த வருஷத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஸ்விட்ச்கிராஸ் அமெரிக்கப் புல்வெளிகளின் சொந்தப் புல். ஆளுயரத்துக்கு மேல வளரும், வேர் மூணு மீட்டர் வரை இறங்கும். ஒரு தடவை விதைச்சா பத்து வருஷத்துக்கு மேல அறுத்துக்கிட்டே இருக்கலாம். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் பல புல், மர வகைகளை ஒப்பிட்டு, 1990களின் தொடக்கத்திலேயே இதை எரிபொருள் பயிருக்கான மாதிரியாகத் தேர்ந்தெடுத்திருந்தது. புஷ் வாயில் அந்தப் பெயர் வந்ததற்குப் பின்னால் இவ்வளவு வருஷ வேலை இருக்கு.

சரி, புல்லுல எங்க சர்க்கரை? அரிசியில இருக்கிற மாவுச்சத்து, குளுக்கோஸ் சங்கிலி. புல்லோட செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் சங்கிலிதான். கோர்த்திருக்கும் விதம் மட்டும் வேறு. நம்ம பாஷையில சொன்னா, அதே டேட்டா, வேற என்க்ரிப்ஷன். போதாக்குறைக்கு அதைச் சுற்றி லிக்னின் என்ற பசை. புல் நிமிர்ந்து நிற்பதற்கே அதுவும் ஒரு காரணம். பிரான்ஸின் ஆன்ரி பிராக்கனோ 1819-லயே கந்தக அமிலத்தை வைத்துப் பழந்துணியைச் சர்க்கரையாக்கிக் காட்டினார். அமில வழி ஓடும், ஆனா செலவு அதிகம், உண்டான சர்க்கரையில ஒரு பகுதியை அதே அமிலம் கெடுத்தும் விடும்.

நல்ல சாவி கிடைச்சது யுத்தத்துல. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைக்கு எதிரி மட்டும் பிரச்சினை இல்ல. பருத்திக் கூடாரம், சீருடை, தோட்டா பெல்ட் எல்லாம் மக்கிப் போய்க்கிட்டே இருந்தது. யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ராணுவத் தளவாடப் பிரிவு பூஞ்சைகளைச் சேகரித்தது. அதில் ஒன்று புகன்வில் தீவின் ஒரு கூடாரத் துணியில் இருந்து வந்தது. கியூஎம்6ஏ என்று ஒரு எண்ணைக் கொடுத்து வைத்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும் வருஷக்கணக்காக அந்தப் பூஞ்சையோடு உட்கார்ந்தார்கள். அது துணியைக் கடித்துத் தின்பதில்லை. செல்லுலேஸ் என்ற நொதிகளை வெளியே கக்கி, செல்லுலோஸை குளுக்கோஸாக உடைத்து, உறிஞ்சிக் கொள்கிறது.

முதல்ல அவங்களுக்குக் கொடுத்த வேலை அதைத் தடுக்கிறது. 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் கேள்வியே தலைகீழாகிவிட்டது: இதை இன்னும் வேகமாத் தின்ன வைக்க முடியுமா? கதிர்வீச்சு கொடுத்து, பல மடங்கு நொதி சுரக்கும் வகைகளை உருவாக்கினார்கள். ரீஸின் பெயரையே பூஞ்சைக்கும் வைத்தார்கள்: டிரைக்கோடெர்மா ரீஸி. ஜீன்ஸ் பேண்ட்டைப் பழசு மாதிரி வெளுக்க வைக்கவும் இதோட நொதி பயன்படுது, தெரியுமா?

இன்னொரு சிக்கல், புல்லில் சைலோஸ் மாதிரி வேறு சர்க்கரைகளும் உண்டு. சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்க்ரம் குழு, அதையும் எத்தனாலாக்கும் ஈ-கோலை பாக்டீரியாவை மரபணு மாற்றி உருவாக்கியது. 1991 மார்ச்சில் அதற்குக் கிடைத்தது அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை. ஆக, ஆய்வகத்துல டெமோ ரெடி.

டெமோவைப் பார்த்துவிட்டு ரிலீஸ் தேதியை நிச்சயிக்கும் மேனேஜரை நீங்களும் பார்த்திருப்பீங்க. 2007 டிசம்பரில் அமெரிக்கா அதைச் சட்டமாகவே போட்டது. 2010-ல் 10 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள், 2022-ல் 1,600 கோடி கேலன். லிட்டரில் சுமார் 6,000 கோடி. இதை வாங்கிக் கலக்க வேண்டியது எண்ணெய் நிறுவனங்களின் கடமை.

2010-க்கான இலக்கைச் சுற்றுச்சூழல் முகமை 65 லட்சம் கேலனாகக் குறைத்தது. அதுவும் வரல. இப்போ அந்த 2012-க்கு வருவோம். சட்டப்படி 50 கோடி கேலன். முகமை குறைத்துக் கணித்தது 86.5 லட்சம். கணக்கில் ஏறியது சுமார் 20,000 கேலன். பெரிய டேங்கர் லாரியில் நாலு லோடு. விற்பனைக்கே இல்லாத எரிபொருளை வாங்கவில்லை என்று எண்ணெய் நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டிய நிலை. அவர்கள் வழக்குப் போட, 2013 ஜனவரியில் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளுபடி செய்தது. தயாரிக்கிறவன் தோத்தா வாங்குறவனுக்கு அபராதமாங்கிற தொனியில தீர்ப்பிலேயே ஒரு கிண்டல் இருக்கு. எண்ணெய் நிறுவனங்கள் மேல எனக்குப் பெரிய பரிதாபமெல்லாம் கிடையாது. ஆனா இந்த விஷயத்துல அவங்க பக்கம் நியாயம் இருந்தது.

அதுக்கப்புறம் ஆலைகள் நிஜமாகவே வந்தன. 2014-ல் அயோவா மாநிலத்தில் பொயட்-டிஎஸ்எம், கேன்சஸில் அபெங்கோவா. 2015 அக்டோபரில் அயோவாவின் நெவாடா ஊரில் டூபான்ட், வருஷத்துக்கு 3 கோடி கேலன் கொள்ளளவோடு. இதில் வேடிக்கை, ஓடியது பெரும்பாலும் ஸ்விட்ச்கிராஸில் இல்லை, சோளத்தட்டையில். சோளமும் புல் குடும்பம்தான். ஏற்கெனவே வயலில் கிடக்கும் தட்டைக்குத் தனியாகப் பயிர் வைக்க வேண்டாமே.

இங்கதான் பூஞ்சையும் மரபணுவும் உதவாத ஒரு விஷயம் குறுக்கே வந்தது: கட்டு. சோள மணி ஒரு கன மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் வரும். இறுக்கிக் கட்டிய தட்டை 200 கிலோவைத் தொட்டாலே பெரிசு. அப்போ லாரி ஓட்டுறது பாதி காத்துக்கு. டூபான்ட் ஆலைக்கு வருஷத்துக்குத் தேவை 3.4 லட்சம் டன், சுமார் 500 விவசாயிகளிடமிருந்து. அறுவடையோ சில வாரம்தான். அந்தச் சில வாரத்தில் கட்டி, வருஷம் முழுக்க நனையாமல், தீப்பிடிக்காமல் வைத்திருக்க வேண்டும். தட்டையோடு மண்ணும் கல்லும் வரும், அது இயந்திரத்தைத் தேய்க்கும். நாரான பொருளை உயர் அழுத்தக் கலனுக்குள் விடாமல் தள்ளுவது இன்னொரு தலைவலி. இது மாதிரியாக தட்டையைப் பதப்படுத்தும் கட்டம்தான் தங்கள் முட்டுக்கட்டை என்று பொயட்-டிஎஸ்எம் 2017-ல் சொன்னது.

நேரமும் சரியில்ல. 2014 நடுவில் பேரல் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழ் போனது. அதற்குள்ளேயே அபெங்கோவா ஆலை நின்றிருந்தது. 2017-ல் டூபான்ட் விலகியது. 2019-ல் பொயட்-டிஎஸ்எம் உற்பத்தியை நிறுத்தியது. டூபான்ட் ஆலையை வாங்கிய ஜெர்மனியின் வெர்பியோ, அதே சோளத்தட்டையிலிருந்து எத்தனாலை விட்டுவிட்டு எரிவாயு எடுக்கத் தொடங்கியது.

இந்தியாவுக்கு வருவோம். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் வைக்கோலுக்கு ஒரு ஆலை திறந்தாங்க. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால்னு திட்டம். 2025 செப்டம்பரில் அசாமின் நுமாலிகரில் மூங்கிலுக்கு இன்னொண்ணு. மூங்கிலும் புல்தான். திறப்பு விழாவுல சொன்ன கொள்ளளவு எனக்கு வேண்டாம். வருஷத்துல எத்தனை நாள் ஓடுச்சு, கட்டு எத்தனை கிலோமீட்டர்ல இருந்து வந்துச்சுன்னு யாராவது வெளியிட்டா, அதை வெச்சு ஒரு முழு எபிசோட் போடுறேன்.