சமாசனமும் சகோதர மொழியும்

யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின், 'நல்லிணக்கம்' என்ற சொல் நம் வடபுலத்துப் பாடசாலைகளுக்கு அடிக்கடி வந்துபோகும் விருந்தாளியாகிவிட்டது. வரும்போது ஒரு பதாகையோடு வருகிறது; போகும்போது ஒரு குழுப்படத்தோடு போகிறது. தெற்கிலிருந்து ஒரு பஸ் நிறைய மாணவர் வருகின்றனர். வடக்கின் மாணவர் மாலை சூட்டி வரவேற்கின்றனர். இரண்டு நாள் விளையாட்டும் பாட்டும் உரையாடலும் நடைபெறுகின்றன. பிரியும் வேளையிற் சிலர் கண் கலங்குவதும் உண்டு. அக்கண்ணீர் பொய்யன்று. இத்தகைய கூட்டங்களை எள்ளி நகையாடுவது நம் நோக்கமுமன்று. முப்பதாண்டுக் காலம் ஒருவர் முகத்தை ஒருவர் காணாது வளர்ந்த இரு தலைமுறைகளின் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதே பெரிய காரியந்தான்.

ஆனால், பாடசாலை வழியாக இனங்களை இணைப்பது என்ற எண்ணமே ஏதோ நேற்றுத்தான் பிறந்தது போலவும், அதை வெளிநாட்டு நிபுணர்கள் கையோடு கொண்டுவந்து நமக்குக் கற்பித்தது போலவும் பேசப்படும்போது வாளாவிருக்க முடியவில்லை. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னர், இதே வடபுலத்தில், சம்பளத்துக்கு வேலை செய்த வாத்தியார்களும் அவர்களிடம் பயின்ற மாணவர்களும் இப்பணியைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அமைச்சும் இல்லை, நன்கொடை நிறுவனமும் இல்லை. இன்றைய திட்டங்கள் பலவற்றிற் காணக் கிடைக்காத ஒரு தெளிவு மட்டும் அவர்களிடம் இருந்தது.

1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றியது. சில ஆண்டுகளில் அதுவே வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. பின்னாளிற் கந்தரோடை ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராய்ப் பெயர் பெற்ற ஒறேற்றர் சுப்பிரமணியம் போன்றோர் அவருக்குத் தோள் கொடுத்தனர். இந்திய தேசிய இயக்கத்தின் காற்று பாக்குநீரிணையைக் கடந்து வீசிய காலம் அது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவரை வரவேற்று உபசரிப்பதில் முன்னின்றவர்கள் இந்த மாணவர்களும் ஆசிரியர்களுமே.

அவர்கள் கேட்டவை எவை? பூரண சுயராச்சியம் கேட்டனர். தாய்மொழி வழிக் கல்வி கேட்டனர். சிங்கள மாணவர் தமிழையும் தமிழ் மாணவர் சிங்களத்தையும் பாடசாலையிற் கட்டாயமாகக் கற்கவேண்டுமென்று கேட்டனர். தீண்டாமை ஒழியவேண்டுமென்றும் கேட்டனர். இவற்றைத் தனித்தனிக் கோரிக்கைகளாகக் கொள்பவன் அந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ளமாட்டான். சிங்களவனிடம் சமத்துவம் கேட்கும் தமிழன், தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மற்றொரு தமிழ்ப் பிள்ளையைத் தரையில் இருத்திவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? இந்தக் கேள்வியே அவர்களை ஆட்டிப்படைத்தது.

தரையில் இருத்துவது என்றது அணியன்று. அந்நாளில் அரசாங்க உதவிப் பணம் பெற்ற பல பாடசாலைகளிலேயே, ஒடுக்கப்பட்ட சாதிகளிற் பிறந்த பிள்ளைகள் தரையில் அமரவேண்டும். அல்லது வகுப்புக்கு வெளியே நின்று காதில் விழுந்ததைப் படித்துக்கொள்ளவேண்டும். வாங்கு மற்றவர்களுக்கு. இதற்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் பெயரே சமாசனம். 1920களின் பிற்கூற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே சங்கம் அமைத்துக் குரல் எழுப்பினர். வாலிபர் காங்கிரசும் அக்குரலோடு சேர்ந்துகொண்டது. இறுதியில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படவேண்டுமென்று 1929-30 அளவிற் கல்வித் திணைக்களம் பணித்தது. உடனே மேல்சாதிப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்தினர், மனுக்கள் பறந்தன, சில இடங்களிற் பாடசாலைகளே தீக்கிரையாயின. சரஸ்வதி பூசைக்கு ஏடு அடுக்கிய கைகளே பள்ளிக்கூடத்துக் கூரையிற் கொள்ளி வைத்தன. ஒரு வாங்கில் ஒரு பிள்ளை உட்காருவதற்கு இத்தனை பகையென்றால், அந்த வாங்கின் விலை என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டுகளிற்றான் அவர்களுடைய அழைப்பை ஏற்றுத் தெற்கிலிருந்தும் பிரமுகர்கள் வந்து பேசினர். ஒக்ஸ்போர்டிலிருந்து திரும்பியிருந்த ஓர் இளைஞர், 1926 யூலையில் மாணவர் காங்கிரசின் ஆதரவில் யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தில், இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே தகுந்த மருந்து என்று வாதித்தார். அவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. முப்பது ஆண்டுகள் கழித்து, 1956இல், தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியவரும் அவரே. சரித்திரம் சில வேளைகளில் நாடகாசிரியரைக் காட்டிலும் கொடிய நகைச்சுவை உடையது.

வாலிபர் காங்கிரசின் புகழ் உச்சிக்குச் சென்றதும் உடைந்ததும் 1931இல் நிகழ்ந்தன. கமலாதேவி சட்டோபாத்தியாயா தலைமை தாங்கிய அவ்வாண்டு மகாநாடு, டொனமூர் அரசியற்றிட்டம் சுயராச்சியம் அளிக்கவில்லை என்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. தெற்கிலே கைதட்டியவர்கள் உண்டு, பின்பற்றியவர்கள் இல்லை. அந்நான்கு இடங்களும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன.

இதைத் தியாகம் என்று மட்டுமே எழுதிச் செல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. சொத்தும் படிப்பும் பாராமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லாச் சாதியாருக்கும் வாக்குரிமை வழங்கிய முதல் தேர்தல் அது. அந்த முதல் வாக்கை யாழ்ப்பாணத்துக் கூலியாளும் அவன் மனைவியும் போட முடியாமற் போயிற்று. எவருக்காகச் சமாசனம் கேட்டார்களோ, அவர்களிடம் பகிஷ்காரத்துக்குச் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. படித்தவர்களின் இலட்சியவாதம் எவ்வளவு தூயதாயினும், கீழே இருப்பவனைக் கேளாமல் அவனுக்காக முடிவு செய்யும் குணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைய நல்லிணக்கத் திட்டங்களுக்கும் இந்நோய் உண்டு. எந்த ஊரில் எந்தப் பிள்ளையை எங்கே அழைத்துச் செல்வதென்பதைக் கொழும்பில் இருந்து தீர்மானிக்கிறார்கள்.

1930களின் பின்பகுதியில் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை வாலிபர் காங்கிரஸ்காரர் எதிர்த்து நின்றனர். ஆனால் காற்று திரும்பிவிட்டது. இனவாரியாக எண்ணிப் பங்கு கேட்கும் அரசியலே இரு பக்கத்திலும் செல்வாக்குப் பெற்றது. இயக்கம் தேய்ந்தது. பேரின்பநாயகம் மீண்டும் வகுப்பறைக்கே வந்தார். கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் 1949 முதல் 1960 வரை அவர் செய்த பணியை அங்குப் பயின்றோர் இன்னும் நினைவு கூர்வர்.

இனி, அவர்களுடைய கோரிக்கைகளுக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். 1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அதுவரை சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தது பெரும்பாலும் பட்டணத்து ஆங்கிலப் பாடசாலைகளில்தான். அந்த ஒற்றுமை நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவான ஆங்கிலம் கற்றோரின் ஒற்றுமை; வேலைக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு எசமானர்கள் கைகுலுக்கிய ஒற்றுமை. அது போனதற்காக நாம் ஒப்பாரி வைக்கவேண்டியதில்லை. தாய்மொழிக் கல்வி ஏழைப் பிள்ளைக்குச் சர்வகலாசாலைக் கதவைத் திறந்தது. 1950களில் அது இடைநிலை வகுப்புகளுக்கும், 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கும் ஏறிச் சென்றது.

ஆனால் வாலிபர் காங்கிரஸ் கேட்டது ஒரு வண்டி. அரசாங்கம் தந்தது ஒரு சில்லு. தாய்மொழியைத் தந்தவர்கள் சகோதர மொழியைத் தரவில்லை. சிங்களப் பிள்ளை தமிழ் படிக்கவில்லை. தமிழ்ப் பாடசாலைகள் சிலவற்றில் நடந்துவந்த சிங்கள வகுப்புகளும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் எதிர்ப்பின் அடையாளமாக நின்றுபோயின. அந்தக் கோபத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. பலாத்காரமாகத் திணிக்கப்படும் மொழி எவனுக்கும் கசக்கும். எனினும், அடித்தவன் கையில் இருந்தது சட்டம். நாம் கீழே போட்டது புத்தகம். அதன் பின்னர் ஒரே நாட்டில் இரண்டு கல்வி வளர்ந்தது: சிங்கள மொழிப் பாடசாலை, தமிழ் மொழிப் பாடசாலை, இவற்றுக்கு உள்ளும் புறமுமாக முஸ்லிம் பாடசாலை. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிய போது, அம்மொழியில் ஒரு விண்ணப்பத்தை வாசிக்கத் தெரிந்த அலுவலரைத் தெற்கில் தேடித் திரியவேண்டியிருந்தது.

ஒரே கூரையின் கீழ் இருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் உளர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய போது அங்கே சிங்கள மாணவரும் படித்தனர். 1977 கலவரத்தோடு அவர்கள் வெளியேறினர். யுத்தத்துக்குப் பின் மீண்டும் வந்தனர். 2016 யூலையில், புதிய மாணவரை வரவேற்கும் ஊர்வலத்தில் கண்டிய நடனம் இடம்பெறலாமா என்ற தகராறு கைகலப்பாய் முற்றிப் பல்கலைக்கழகமே மூடப்பட்டது. நான்காண்டு ஒரே வளவுக்குள் வாழ்ந்தும் ஒருவரோடொருவர் பேச ஒரு மொழியில்லாத இளைஞர்களிடம் வேறெதை எதிர்பார்ப்பது?

வட அயர்லாந்திலும் இதே வாதம் நடந்திருக்கிறது. அங்கே கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் தனித்தனிப் பள்ளிகளிற் பயின்றனர். இரு பக்கத்துப் பிள்ளைகளையும் சில நாட்கள் சந்திக்கவைக்கும் திட்டங்கள் ஒரு புறம் நடந்தன. மறு புறம், 1981இற் பெல்பாஸ்ற் நகரத்துப் பெற்றோர் சிலர் இருபத்தெட்டு மாணவரோடு லாகன் கல்லூரி என்ற கூட்டுப் பாடசாலையைத் தாமே தொடங்கினர். கூட்டுப் பாடசாலையிற் படிப்போர் அங்கே இன்னும் சிறுபான்மையினரே. ஆயினும் வழி எதுவென்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அடித்துக்கொண்டாலும் ஒரே மொழியில் அடித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் காகிதத்துக்குக் குறைவில்லை. 2008இல் கல்வி அமைச்சு சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையை வெளியிட்டது. 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் அறிக்கை, ஒருவர் மொழியை மற்றவர் கற்பதைப் பாடவிதானத்திற் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. 2007இல் இளைஞர் சிலர் தொடங்கிய 'ஸ்ரீ லங்கா யுனைட்ஸ்' போன்ற அமைப்புகள் பாடசாலை தோறும் சென்று மாணவரைத் திரட்டின. ஆறாந் தரத்திலிருந்து இரண்டாம் தேசிய மொழி பாடநூலிலும் நேரசூசியிலும் உள்ளது. இல்லாதவர் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரே.

பளையிலிருந்து பார்க்கும்போது இவையெல்லாம் வேறு நிறம் கொள்கின்றன. பச்சிலைப்பள்ளி மண் மணலும் தென்னையுமான மண். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் போர் வந்து இவ்வூரைக் காலி செய்தது. முகமாலை முன்னரங்காகி ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. யுத்தம் முடிந்து பல ஆண்டுகளாகியும் அங்கே கண்ணிவெடியை அங்குலம் அங்குலமாகத் தோண்டி எடுத்தனர். 1990இல் நின்ற புகையிரதம் 2014 மார்ச்சில் பளை வரை வந்து, ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சென்றது. இடையிலிருந்த சில மாதங்கள் நம்முடைய சிறு நிலையமே வடபாதையின் கடைசி நிலையம். தெற்கின் யாத்திரிகர் இங்கே இறங்கி பஸ் ஏறினர். அன்று வழி கேட்டவர்களுக்குக் கையால் காட்டியவர்கள் பலர். வாயாற் சொன்னவர்கள் மிகச் சிலர்.

சமாசனமும் பழங்கதையாகிவிடவில்லை. 1958, 1977 கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் கிளிநொச்சி மாவட்டமெங்கும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். யுத்தத்தில் அவர்கள் கொடுத்த உயிர்களுக்குக் குறைவில்லை. காணி உறுதி இல்லாத குடும்பங்கள் அவர்களிடையே ஏராளம். அவர்களைச் சுட்ட வீட்டில் என்ன சொல் வழங்குகிறதோ, அதே சொல் இடைவேளையில் விளையாட்டு மைதானத்திலும் கேட்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களைச் சில நாள் அவகாசத்தில், சில இடங்களிற் சில மணி நேரத்தில், வெளியேற்றியதைப் பற்றி நம் மாணவருக்கு யாரும் கூறுவதில்லை, பாடநூலும் கூறுவதில்லை. தெற்கிலிருந்து வரும் பிள்ளைக்கு மாலை சூட்டுகிறோம். பக்கத்து வாங்குப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டுகிறோம்.

பளை நிலையத்துப் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயர் மூன்று மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்பதாந் தர மாணவரிடம் கேட்டோம்: இரண்டு வரிகளை எல்லோரும் வாசித்தனர். சிங்கள வரியை, இது பளை என்று தெரிந்திருந்தமையால், சிலர் ஊகித்துச் சொன்னார்கள். ரயிலில் வந்திறங்கும் தெற்கின் மாணவரைக் கேட்டால் தமிழ் வரியிலும் இதே கதைதான். நாமறிந்த பாடசாலை ஒன்றில் இரண்டாம் தேசிய மொழி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. அப்பாடவேளைகள் கணித மீட்டலுக்குப் போகின்றன. சென்ற தவணை அங்கே நல்லிணக்க முகாம் ஒன்று நடந்தது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் பேசிக்கொள்வதற்கு, கொழும்பிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டிவந்திருந்தனர்.