கண்டெடுத்த படச்சுருள்களும் கணினியும்



ஒருவர் எடுத்த திரைப்படத்தை மற்றொருவர் வெட்டி, வேறொரு வரிசையில் ஒட்டி, புதியதொரு கலைப்படைப்பாக ஆக்க முடியுமா? முடியும் என்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. பல ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இக்கலையில் எனக்குத் தனி அக்கறை உண்டு. சான்று எது, அதனை அடுக்கி வைப்பவர் யார் என்னும் கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் ரஷ்ய நாட்டிற்குச் செல்வோம். அங்கே எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்மணி, வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் மக்களுக்கு ஏற்றவாறு வெட்டித் திருத்தும் பணியில் இருந்தார். 1927ஆம் ஆண்டில் அவர் 'ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற படத்தை உருவாக்கினார். அதற்காக நடிகர் எவரையும் அவர் நாடவில்லை. கிடங்குகளில் கேட்பாரற்றுக் கிடந்த செய்திப்படங்களையும், சார் மன்னர் குடும்பத்துக்காக எடுக்கப்பட்ட படங்களையும் தேடிச் சேர்த்தார். ஏறத்தாழ 60,000 மீட்டர் சுருளைப் பார்த்து, அதிலிருந்து 1,500 மீட்டர் அளவுள்ள படத்தைத் தொகுத்தார் என்பர். அதில் ஒரு காட்சி: கப்பலின் மேல்தளத்தில் பிரபுக்கள் நடனமாடிக் களைத்து வியர்வையைத் துடைக்கின்றனர். அடுத்த காட்சியில் ஏழை மக்கள் மண் வெட்டுகின்றனர். இரண்டும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு எடுக்கப்பட்டவை. அருகருகே வைத்தவுடன், அரண்மனையின் பெருமைக்காக எடுத்த படம் அரண்மனையின்மீது சாட்டிய குற்றமாகிவிட்டது.

அமெரிக்காவில் ஜோசப் கார்னெல் என்ற கலைஞர், 1931இல் வெளிவந்த 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற படத்தின் பிரதியொன்றை எடுத்துக்கொண்டு, கதையை நீக்கி, கதாநாயகி ரோஸ் ஹோபார்ட் தோன்றும் பகுதிகளையே பெரும்பாலும் சேர்த்து ஒட்டினார். 1936இல் நியூயார்க்கில் அதனை நீல நிறக் கண்ணாடி வழியே, வேகத்தைக் குறைத்து ஓட்டிக் காட்டினார். சாதாரணக் கதைப்படம் கனவுபோல் ஆயிற்று. 1958இல் புரூஸ் கானர் 'எ மூவி' என்ற 12 நிமிடப் படத்தைத் தொகுத்தார். அதில் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் ஒருவன் குழாய்க் கண்ணாடி வழியே பார்க்கிறான், ஓர் அழகி தெரிகிறாள், குண்டு பாய்கிறது, அணுகுண்டின் புகை காளானாய் எழுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத துண்டுகள் சேர்ந்து, ஆசையும் அழிவும் எத்துணை நெருங்கியவை என்று நம்மிடம் சொல்லிவிடுகின்றன.

இவர்கள் யாவரும் கத்தரியும் பசையும் கொண்டு உழைத்தவர்கள். கணினி வந்தபின் நிலைமை மாறியது. கலைஞர் விதியை மட்டும் எழுதுகிறார். வெட்டும் வேலையைக் கணினி செய்கிறது. அவ்விதிக்குத்தான் நிரல் என்று பெயர்.

விதிப்படி தொகுத்தல் நமக்குப் புதிதன்று. அகநானூற்றைப் பாருங்கள். ஒற்றைப்படை எண் பெற்றவை பாலைப் பாடல்கள், 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தாவது தோறும் நெய்தல். பாடியவர் பலர், தொகுத்தவர் வகுத்த விதி ஒன்று. நிரலும் அத்தகையதே.

2001இல் ஜெனிஃபர், கெவின் மெக்காய் என்னும் அமெரிக்கத் தம்பதியர், 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' என்ற தொலைக்காட்சித் தொடரைத் துண்டு துண்டாகப் பிரித்து, கட்டம் போட்ட ஆடை வரும் காட்சிகள் எல்லாம் ஒரு தட்டில், வேறொரு வகைக் காட்சிகள் எல்லாம் மற்றொரு தட்டில் என்று வகைப்படுத்தினர். 2014இல் சாம் லவீன் என்பவர் 'வீடியோகிரெப்' என்ற நிரலை வெளியிட்டார். படத்தின் அடியில் ஓடும் வசன வரிகளின் கோப்பில், ஒவ்வொரு வரியும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். நாம் ஒரு சொல்லைக் கொடுத்தால், நிரல் அச்சொல் வரும் இடங்களையெல்லாம் கண்டு, அந்நேரங்களில் படத்தை வெட்டி, ஒன்றாக இணைத்துத் தருகிறது. பல நாள் வேலை சில நிமிடங்களில் முடிகிறது.

இதனால் ஒரு நன்மை உண்டு. ஒரு தலைவர் ஓராண்டில் எச்சொல்லை எத்தனை முறை கூறினார் என்பதை நம் கண்முன் நிறுத்தலாம். தனித்தனியே பார்க்கும்போது புலப்படாத பழக்கம், சேர்த்துப் பார்க்கும்போது புலப்படுகிறது.

தீமையும் உண்டு. நம் மொழியில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியிலேயே வரும். "நூலகத்தை மூடுவோம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை" என்று ஒருவர் பேசுகிறார் எனக் கொள்வோம். 'மூடுவோம்' என்ற இடத்தில் வெட்டிவிட்டால், காப்பவர் அழிப்பவராகிவிடுவார். படமும் உண்மை, குரலும் உண்மை. பொருள் மட்டும் பொய்.

கலைஞருக்கும் வஞ்சகருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கானர் தாம் வெட்டி ஒட்டியதை மறைக்கவில்லை. ஒட்டிய தடத்தையே நமக்குக் காட்டினார். வஞ்சகர் அத்தடத்தை மறைக்கிறார். கணினிக்கு இவ்வேறுபாடு தெரியாது. விதி எழுதியவருக்குத் தெரியும், பொறுப்பும் அவருடையதே.

ஆகவே, உங்கள் கைப்பேசியில் ஒரு துண்டுப்படம் வந்து சேரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனை எடுத்தவர் யார்? எந்த விதிப்படி இது வெட்டப்பட்டது? வெட்டி ஒதுக்கிய பகுதியில் என்ன இருந்தது?

முடிந்தால் நீங்களே செய்து பாருங்கள். உங்கள் பள்ளி ஆண்டுவிழாவின் படப்பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு மாணவர்கள் இருவேறு விதிகளைத் தாளில் எழுதி, அவற்றின்படி வெட்டித் தொகுத்து, இரண்டையும் வகுப்பில் ஓட்டுங்கள். ஒரே விழா இரு விழாக்களாகத் தோன்றும். அன்று நீங்கள் கற்கும் பாடம், நான் கரும்பலகையில் எழுதி நடத்திய பல பாடங்களைவிட ஆழமாக மனத்தில் பதியும்.