தொழுநோயாளர் சட்டத்திலிருந்து வரிக்கழிவு வரை

சந்திரகிரியிலிருந்து சித்தூர் வழியாகத் தெற்கே சென்றால் வேலூர். அங்கே 1940களின் இறுதியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டமோ வறிய நோயாளிகளைப் பிடித்து ஒதுக்கிவைக்கவே வழிசெய்திருந்தது. அது 2016இல்தான் நீக்கப்பட்டது.

இடையில், 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ‘தொழுநோயிலிருந்து குணமானோரை’ ஒரு வகையாக ஏற்றது. நோய் நீங்கியும் உணர்விழப்போ உருக்குறையோ எஞ்சியவர்கள் இவர்கள். வருமான வரிச் சட்டத்தின் 80யூ பிரிவு இவ்வரையறையைக் கைக்கொண்டது. 2015 முதல், 40 விழுக்காட்டுக் குறைபாட்டுக்கு 75,000 ரூபாயும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் எனில் 1,25,000 ரூபாயும் கழிவாயின. செலவுச் சீட்டுகள் வேண்டியதில்லை. மருத்துவச் சான்று போதும்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் பார்க்கின்சன், ஹீமோஃபீலியா முதலிய நெடுநாள் நோய்களையும் சேர்த்து வகைகளை 21 ஆக்கியது. 80யூ பிரிவின் வாசகமோ 1995ஐயே சுட்டிநின்றது. 2023-24 நிதியாண்டு முதல் இயல்புநிலையாகிவிட்ட புதிய வரிமுறையில் இக்கழிவே கிடையாது.

ஒதுக்கிய சட்டத்திலிருந்து ஏற்ற சட்டத்துக்கு வர 97 ஆண்டுகள் ஆயின. அவ்வாறு வந்த உரிமை, பழைய முறையைத் தெரிவுசெய்ய மறந்த ஒருவருக்கு ஒரு படிவத்திலேயே நழுவிவிடுகிறது.