அழற்சியும் நரம்பு மண்டலமும்: ஆய்வு வரலாறு

காயமோ கிருமித் தொற்றோ ஏற்படும்போது நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினை அழற்சி எனப்படும். சிவத்தல், வீங்குதல், சூடு, வலி ஆகிய நான்கும் இதன் அடையாளங்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் எழுதினார். அழற்சி அளவோடு இருந்தால் உடலைக் காக்கும். அளவு மீறினால் முடக்குவாதம் போன்ற நோயாகும். அந்த அளவைக் கட்டுப்படுத்துவதில் நரம்புகளுக்கும் பங்குண்டு என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் படிப்படியாகத் தெரியவந்தது.

தவளை இதயமும் மிளகாய்க் காரமும்

மூளைத்தண்டில் தொடங்கி இதயம், நுரையீரல், குடல் வரை செல்வது வேகஸ் நரம்பு. 1921இல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதில் இருந்த நீர்மத்தை இன்னொரு தவளை இதயத்தில் செலுத்தியபோது அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்பது இதனால் உறுதியானது. அப்பொருள் அசெட்டைல்கோலின் ஆகும். 1936இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசு பெற்றனர்.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை அங்கேரியின் யாஞ்சோ ஆராய்ந்தார். அது பட்ட இடம் சிவந்து வீங்கும். உணர்நரம்பு வெட்டப்பட்டுச் சிதைந்த இடத்திலோ வீக்கம் தோன்றவில்லை. நரம்பே அழற்சியைத் தொடங்கி வைக்கக்கூடும் என்பதை இது காட்டியது.

எலிகள் கற்ற பாடம்

1975இல் அமெரிக்காவில் ஏடர், கோஹன் இருவரும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீருடன் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தையும் கொடுத்தனர். பின்னர் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்பாற்றல் குறைந்தது. நோயெதிர்ப்பு மண்டலம் தனித்தே இயங்குகிறது என்ற கருத்தை இச்சோதனை அசைத்தது.

அழற்சி அனிச்சைச் செயல்

2000இல் கெவின் டிரேசி குழுவினர், நச்சு ஏற்றப்பட்ட எலிகளின் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினர். அழற்சியைப் பெருக்கும் டிஎன்எப் என்ற புரதம் குறைந்தது. சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கை தானே பின்வாங்குவதுபோல, மூளை அழற்சியை அறிந்து நரம்பு வழியே தணிக்கிறது என்று அவர்கள் விளக்கினர். இச்செய்தி மண்ணீரலை எட்டுகிறது. அங்குள்ள சில டி அணுக்கள் அசெட்டைல்கோலினைச் சுரக்க, விழுங்கணுக்கள் டிஎன்எப் உற்பத்தியைக் குறைக்கின்றன. லோவி இதயத்தில் கண்ட அதே பொருள்தான் இங்கும் செயல்படுகிறது.

மருந்துகள் போதிய பலன் தராத முடக்குவாத நோயாளிகளுக்காக, வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் ஒப்புதல் அளித்தது.

புதுச்சேரியில்

1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். அதன் உடலியங்கியல் துறை மூச்சுப்பயிற்சிக்கும் தன்னியக்க நரம்புகளுக்கும் உள்ள தொடர்பை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. பால், வேல்குமாரி, மதன்மோகன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 60 மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் பயிற்சி செய்தனர். மெதுவாக மூச்சுவிட்டவர்களிடம் வேகஸ் உள்ளிட்ட அமைதிப்படுத்தும் நரம்புகளின் செயல் கூடியது. வேகமாக மூச்சுவிட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. தவளக்குப்பம் வழியே கடலூர் செல்லும் சாலையிலுள்ள பிள்ளையார்குப்பத்தின் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் பின்னர் யோக சிகிச்சை மையம் அமைந்தது.

ஜிப்மர் ஆய்வு அளந்தது நலமான இளைஞர்களின் நரம்புச் செயலை, முடக்குவாதத்தை அன்று. மூச்சுப்பயிற்சி முடக்குவாத மருந்துக்கு மாற்றாகும் என்பதற்கு அது சான்றாகாது. முடக்குவாதத்தில் மருந்தை இடையில் நிறுத்தினால் மூட்டுகள் மீளாத சேதம் அடையக்கூடும் என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது.