விற்பனை வரி வில்லைகள்

விற்பனை வரி வில்லைகள் என்பவை 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் சில மாநிலங்களில் வெளியிடப்பட்ட, ஒரு சென்ட்டுக்கும் குறைந்த மதிப்புடைய சிறு துண்டுகள் ஆகும். இவை நாணயங்கள் அல்ல. கடையில் வாங்கும் பொருளுக்கான வரியைச் செலுத்த மட்டுமே பயன்பட்டன. மிட்டாய் வாங்க வரும் சிறுவர்களும் இவற்றைக் கொடுத்து வாங்கப் பழக வேண்டியிருந்தது.

பெரும் பொருளியல் வீழ்ச்சிக் காலத்தில் சொத்துவரி வருவாய் சரிந்ததால் மாநில அரசுகள் வேறு வழி தேடின. மிசிசிப்பி 1932இல் 2 விழுக்காடு விற்பனை வரியை விதித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய வரி வந்துவிட்டது. அமெரிக்காவில் பொருளின் மேல் எழுதப்பட்ட விலையில் இவ்வரி சேர்ந்திராது. பணம் கொடுக்கும்போதுதான் கூட்டப்படும்.

சிக்கல் சிறிய கொள்முதல்களில் எழுந்தது. வரி 2 விழுக்காடு என்றால், 5 சென்ட் மிட்டாய்க்கு உரிய வரி ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அந்நாட்டின் மிகச்சிறிய நாணயமோ ஒரு சென்ட். அதை முழுதாக வாங்கினால் வரி 20 விழுக்காடாகிவிடும். வாங்காமல் விட்டால் மொத்த விற்பனைக்கான வரியில் அந்தப் பங்கைக் கடைக்காரரே தம் கையிலிருந்து கட்ட நேரிடும். சில்லறையாக வாங்கும் ஏழைகளுக்கும் சிறுவர்களுக்குமே இதனால் சுமை அதிகம்.

டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு 'மில்' எனப்படும். கணக்கில் நெடுங்காலமாக இருந்த இந்த அலகுக்கு நாணயம் இருந்ததில்லை. வரி வில்லைகளால் அது முதன்முறையாகக் கைக்கு வந்தது. வாசிங்டன் மாநிலம் 1935இல் அலுமினிய வில்லைகளை வெளியிட்டது. நடுவில் துளையுள்ள அவை, பிற்காலத்து நம் ஓட்டைக் காலணாவை நினைவூட்டுபவை. மிசூரியில் முதலில் வந்தவை பால் புட்டியின் அட்டை மூடி போன்றவை. பின்னர் துத்தநாகத்திலும், போர்க்காலத்தில் நெகிழியிலும் செய்யப்பட்டன. நெகிழி வில்லைகளில் சிவப்பு 1 மில், பச்சை 5 மில்.

2 விழுக்காடு வரியில், 5 சென்ட் மிட்டாய்க்கு 6 சென்ட் கொடுத்தால் மீதி 9 மில். ஒரு பச்சையும் நான்கு சிவப்பும் திரும்பக் கிடைக்கும். அடுத்த முறை ஒரு சிவப்பு வில்லையையும் 5 சென்ட்டையும் கொடுத்தாலே போதும். வரி என்பது விலையின் ஒரு பங்கு என்பதைச் சிறுவருக்கு விளக்க இதைவிட எளிய கருவி அமைவது அரிது.

ஆயினும் இவற்றைப் பலர் தொல்லையாகவே கருதினர். ஒரு மாநிலத்தின் வில்லை அடுத்த மாநிலத்தில் செல்லாது. நாணயத்தை ஒத்திருப்பதாக நடுவண் கருவூலமும் எதிர்ப்புத் தெரிவித்தது. அரை சென்ட், ஒரு மில் நாணயங்களை அரசே அடிக்க அனுமதிக்குமாறு 1935இல் கருவூலம் காங்கிரசைக் கேட்டது, அது நிறைவேறவில்லை. போருக்குப் பின் விலைவாசி உயர, மில்லின் மதிப்பு அற்பமானது. வில்லைகளுக்கு மாற்றாக, எந்த விலைக்கு எத்தனை சென்ட் வரி எனக் காட்டும் அட்டவணைகள் கடைகளில் நிலைத்தன. மிகக் குறைந்த விலைப் பொருளுக்கு அவற்றில் வரி இல்லை. குறித்த விலையைத் தாண்டினால் முழு ஒரு சென்ட்.

அமெரிக்கப் பள்ளிகளில் விழுக்காட்டுப் பாடத்தில் விற்பனை வரிக் கணக்கு இன்றும் இடம்பெறுகிறது. விடையைக் கிட்டிய சென்ட்டுக்குத் திருத்தி எழுதுவதே அங்கு வழக்கம்.